அம்பாரம்னு பேரு வெச்சது நான்தான்

பதிப்பகத்துக்கு அம்பாரம்னு பேரு எப்படி வந்துச்சுன்னு ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்க ஆன்ட்டின்னு மலர் போன் பண்ணிக் கேட்டா. மலரு எங்க முதலாளியோட பொண்ணு. அவரு காலமானதுக்கு அப்புறம் அவதான் பதிப்பகத்தைப் பாத்துக்கறா. புதுசா கேட்லாக் போடறாங்களாம். பழைய கேட்லாக்ல இன்னா இருந்துச்சு தெரியுமா? 'எங்கள் முதல் எழுத்தாளரும் உப்பளத் தொழிலாளியுமான கஸ்தூரி அவர்களின் வாழ்விலிருந்து பிறந்த பெயர்'. படிச்சுட்டு எனக்கு வயிறு எரிஞ்சுது. பொறந்துச்சாமே! பெத்தவ நானு, தொட்டில்ல போட்டு ஆட்டுனவ அவளா?

ஒரு பக்கம்லாம் பத்தாது மலருன்னு சொல்லிட்டேன். பேசற மாதிரியேதான் எழுதுவேன்னும் சொல்லிட்டேன். வேலை பாத்த காலம் பூரா அடுத்தவங்க எழுதுனதைத் திருத்தித் திருத்தி என் கண்ணு பூத்துப் போச்சு. இப்ப தானாவே தப்பு கண்டுபிடிக்கிற சாமான் கம்ப்யூட்டர்ல வந்துருக்குதாம். புரூஃப் பாக்க ஆளே வேணாமாம். நல்லது, நல்லா இருங்க. ஆனா இந்தக் கட்டுரையை அந்தச் சாமானுக்குள்ள போடாதீங்க.

என் பேரு லூர்துமேரி. பாண்டிச்சேரியில கன்னியாஸ்திரீங்க நடத்துன ஒரு அச்சகத்துல ஈய எழுத்துக் கோக்கக் கத்துக்கிட்டேன். அந்தக் காலத்தைப் பத்திச் சொல்ல பெருசா ஒண்ணும் இல்ல. திட்டு வாங்குனேன், முட்டி போட்டேன், கண்ணாடி போட்டேன். கல்யாணம் ஆகி மரக்காணம் வந்ததும் திண்டிவனம் ரோட்டுல இருந்த தெய்வசிகாமணி சார் பிரஸ்ஸுல சேந்தேன். ஈயம் போயி கம்ப்யூட்டர் வந்தப்ப அதையும் கத்துக்கிட்டேன். டைப் அடிக்கறதும் நான்தான், புரூஃப் பாக்கறதும் நான்தான்.

சாருக்கு பிரஸ்ஸு ரெண்டாவது தொழில்தான். குத்தகைக்கு எடுத்த உப்பளம்தான் முதல் தொழிலு. காலையில பாத்தியைப் பாத்துட்டு உப்பு பூத்து வெளுத்த செருப்போட பிரஸ்ஸுக்குள்ள நடந்து வருவாரு. நிறைய படிப்பாரு. சோறு திங்கும்போதும் புத்தகம் விரிச்சிருக்கும். அவருகிட்ட ஒரு விசித்திரமான குணம் இருந்துச்சு. கோவம் வந்தா மரியாதை ஏறிடும். சாதாரணமா இருந்தா 'ஏம்மா லூர்து, இங்க வா'. கொஞ்சம் கோவம்னா 'வாங்கம்மா'. ரொம்பக் கோவம்னா நாற்காலியை அவரே இழுத்துப் போட்டு 'உக்காருங்க, டீ சாப்பிடறீங்களா' அப்படிம்பாரு. ஒரு தடவை மிஷின்காரரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல செத்தவரோட அண்ணன் போட்டோவை வெச்சு அடிச்சுட்டாரு. அண்ணன்காரரு குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்காரு, அந்த போஸ்டரைக் கையில புடிச்சுக்கிட்டே பிரஸ்ஸுக்கு வந்துட்டாரு. சார் மிஷின்காரரைக் கூப்பிட்டு, 'ஐயா, வெயில்ல வந்துருக்கீங்க, மோரு சாப்பிடுங்க'ன்னாரு. மிஷின்காரரு அழுதுட்டாரு.

எங்க பிரஸ்ஸுல கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கட்சி நோட்டீஸு, கோயில் திருவிழா இதுதான் வேலை. ஆனா ஒரு நாள் இலக்கியப் புத்தகம் போடுற பதிப்பகம் ஆரம்பிக்கணும்னு சாருக்கு ஆசை. அது எனக்குத் தெரியும். எனக்கும் ஆசை இருந்துச்சு, அது வேற ஆசை. நான் கதை எழுதுவேன். ஒரு வாரப் பத்திரிகையில ஒரு கதை படத்தோட வந்துருக்குது. அதுல வர்ற சுகந்தி கடற்கரையில நின்னு அழுவா. சுகந்தியை வெச்சே நிறைய கதை எழுதி, அழகா டைப் அடிச்சு, ஃபைல்ல போட்டு சாருகிட்ட குடுத்திருந்தேன். 'பாக்கலாம்மா'ன்னு மேசை டிராயர்ல வெச்சாரு. பதிப்பகம்னு ஒண்ணு வந்தா முதல் புத்தகம் என்னோடதுதான்னு நான் மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். வேற யாரு இருக்காங்க அந்த ஊருல?

2004 கடைசியில அலை வந்துச்சு. அதைப் பத்தி எழுத எத்தனையோ பேரு இருக்காங்க, நான் எழுதல. உப்பளத்துல வரப்பெல்லாம் ஒடைஞ்சு பாத்தி பூரா சேறு. அடுத்த வருஷம் உப்பு கிடையாது. சார் ரெண்டு மாசம் சேத்தைப் பாத்துக்கிட்டே நின்னாரு. அப்புறம் ஒரு நாள் பிரஸ்ஸுக்கு வந்து, 'உப்புதான் இல்ல, புத்தகமாவது போடுவோம்'னாரு. என் கண்ணு நேரா அவரு மேசை டிராயருக்குப் போச்சு.

பாத்தியில வேலை இல்லாம நின்ன பொம்பளைங்கள்ல சில பேரை சார் பிரஸ்ஸுக்குக் கூட்டியாந்தாரு, தாள் மடிக்க, தைக்க. அதுல வந்து சேந்தவதான் கஸ்தூரி.

அவளைப் பத்தி எல்லாரும் 'எளிமையான தொழிலாளி, அடக்கமானவர்'னு மேடையில பேசறாங்க. மாதாவே! அடக்கமா? அவ பிரஸ்ஸுக்குள்ள வந்தா மிஷின் சத்தம் கேக்காது. வெத்தலை வாயோட, 'என்னை மாதிரி உப்பு வார இந்தக் கடக்கரையில ஒருத்தி பொறக்கலைக்கா'ன்னு அவளே சொல்லிக்குவா. எட்டாவது வரைக்கும் படிச்சவ. தாள் மடிக்க மூங்கில் பத்தையைக் கையில குடுத்தா அதால முதுகு சொறிஞ்சுக்குவா. ஆனா வாயைத் திறந்தா பொம்பளைங்க மடிக்கிறதை விட்டுட்டு அவ மூஞ்சியையே பாப்பாங்க. பெருமுக்கல் மலைக்கோயில்ல நடந்த கல்யாணம், பொம்மையார்பாளையத்துல ஓடிப்போன கொழுந்தன், எதைச் சொன்னாலும் நேர்ல நின்னு பாக்கற மாதிரி இருக்கும். சார் டேபிள்ல கணக்குப் பாக்கற மாதிரி உக்காந்து காதைத் தீட்டிக்கிட்டுக் கேப்பாரு. ஒரு நாள் சிரிச்சுச் சிரிச்சு அவருக்குப் புரையேறிடுச்சு. நான் அங்க எத்தனை வருஷமா இருந்தேன், என் கதையைப் படிச்சு அவருக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்ல.

'இதையெல்லாம் எழுது கஸ்தூரி'ன்னு சார் சொன்னாரு. 'எழுதிட்டாப் போச்சு'ன்னு அவ வேஸ்ட் புரூஃப் தாளுங்களைப் பின்பக்கமாத் திருப்பி எழுத ஆரம்பிச்சா. சாப்பாட்டு நேரத்துல, பஸ்ஸுக்கு நிக்கறப்ப, தாள் கட்டு மேல குந்திக்கிட்டு. எழுதி முடிச்சதும் எங்க எல்லாருக்கும் கேக்கற மாதிரி அவளே படிப்பா, அவளே சிரிப்பா. நான் காதுல பஞ்சு வெச்சுக்காத குறை. வெச்சுக்கிட்டாலும் கேட்டிருக்கும்.

முதல் புத்தகம் யாரோடதுன்னு சார் சொன்ன நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. உப்பளத்துல ஒரு பழக்கம் உண்டு. பாத்தியில தண்ணி கட்டி, காஞ்சு, உப்பு பூத்ததும் நினைச்சவங்க எறங்கி வாரிட முடியாது. ஒவ்வொரு முதலாளிக்கும் ஒரு கைராசிக்காரி இருப்பா. அவ பலகையை வெச்சு முதல் உப்பை இழுத்து வரப்புல தள்ளணும். அப்புறம்தான் மத்தவங்க எறங்கலாம். எங்க சாருக்கு வருஷா வருஷம் அது கஸ்தூரிதான். ஒரு வருஷம் அவளுக்குக் காய்ச்சல்னு ஆட்டோ வெச்சுக் கூட்டியாந்து, பலகையைத் தொட வெச்சு, ஒரு இழுப்பு இழுக்க வெச்சுட்டு, திருப்பி வீட்டுல கொண்டு போய் விட்டாரு.

சார் எங்களையெல்லாம் கூப்பிட்டாரு. 'முதல் புத்தகம் கஸ்தூரியோடது. கைராசிக்காரி எறங்கட்டும். அப்புறம் ஒவ்வொருத்தரா எறங்கலாம்'னாரு. கஸ்தூரி, 'அதான பாத்தேன்'னு வெத்தலையை மடிச்சா.

எனக்குக் காதுல பொகை வந்துச்சு. 'சார், பாத்தியில ராசி பாருங்க, வேணாங்கல. பேப்பருக்கு இன்னா சார் ராசி? என்னோட ஃபைலு?'

'இருக்குதும்மா. டிராயர்ல பத்திரமா இருக்குது.'

'பத்திரமா இருக்க அது இன்னா பட்டாவா சார்?'

'கோவப்படாதீங்கம்மா, உக்காருங்க'ன்னாரு. நாற்காலியையும் இழுத்தாரு. நான் என் கம்ப்யூட்டருக்குத் திரும்பிட்டேன்.

இப்ப பாருங்க, யாரு புத்தகத்தை யாரு டைப் அடிக்கணும்? நான்தான். யாரு புரூஃப் பாக்கணும்? நான்தான். ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்னு சொல்லுவாங்க. சொன்னவளுக்குப் புள்ள இருந்துச்சோ என்னமோ.

புரூஃப் பாக்கறதுக்கு நான் ஒரு முறை வெச்சிருந்தேன். அதையும் சொல்லிடறேன், இனிமே யாருக்கும் தேவைப்படாது. முதல் தடவை மேலேருந்து கீழே, அர்த்தத்துக்காகப் படிப்பேன். ரெண்டாவது தடவை கடைசி வரியில ஸ்கேலை வெச்சு, ஒவ்வொரு வரியா மேல ஏறுவேன். ஏன்னா கீழேருந்து மேல போனா கதை புரியாது. கதை புரியலைன்னாதான் எழுத்து தெரியும். அர்த்தம் இருக்குது பாருங்க, அது கண்ணைக் கட்டிக் கூட்டிட்டுப் போயிடும், தப்பு இருந்தாலும் தாண்டிப் போயிடுவோம். மூணாவது தடவை, சந்தேகப்பட்ட எடத்தை மட்டும். கல்யாணப் பத்திரிகைன்னா மாப்பிள்ளை பேரையும் தேதியையும் விரலை வெச்சுப் பாப்பேன்.

கஸ்தூரி எழுதுனதுல தப்புக்குப் பஞ்சமே இல்ல. புள்ளி இருக்காது, கொம்பு எடம் மாறி இருக்கும். ஒவ்வொரு தப்பும் எனக்கு லட்டு சாப்பிட்ட மாதிரி இருந்துச்சு. சிவப்புப் பேனாவால தாளையே ரத்தக் காடாக்கிட்டு சாருகிட்ட காட்டுனேன். அவரு பாத்துட்டு, 'எழுத்தைத் திருத்தும்மா, அவ பேச்சுல கை வெக்காத'ன்னு மட்டும் சொன்னாரு.

'கடைசிப் பந்தி'ன்னு ஒரு கதை. புத்தகத்துக்கும் அதுதான் தலைப்பு. முனியம்மான்னு ஒருத்தி, புருஷன் ரெண்டாங் கல்யாணம் பண்ணிக்கறான்னு தெரிஞ்சு அந்தக் கல்யாணத்துக்கே போறா. எல்லாரும் அவ சண்டை போடுவா, மண்ணை வாரித் தூத்துவான்னு பயந்துக்கிட்டு நிக்கறாங்க. அவ நேரா கடைசிப் பந்தியில போய் உக்காந்து சாப்பிடறா. ரெண்டாந்தரம் சோறு வாங்கறா, ரசம் வாங்கறா, பாயசம் வாங்கறா. கையைக் கழுவிட்டு சமையக்காரரைத் தேடிப் போயி சொல்றா: 'சோத்தைக் கொறை சொல்ல முடியாதுங்க. மாப்பிள்ளைதான் சரியில்ல.'

ரெண்டாவது தடவை ஸ்கேலை வெச்சுக் கீழேருந்து ஏறிக்கிட்டே இருக்கேன். நாலு வரி ஏறுனேன். அஞ்சாவது வரியில பாத்தா நான் கீழே எறங்கிக்கிட்டு இருக்கேன். கதை என்னைத் திருப்பிப் போட்டுடுச்சு. அத்தனை வருஷத்துல அப்படி நடந்ததே கிடையாது. நான் தனியா உக்காந்து சிரிச்சேன். அப்புறம் வீட்டுக்குத் திரும்ப முனியம்மா பஸ்ஸுல தனியா உக்காந்து ஒத்தை டிக்கெட் எடுக்கற எடத்துல அழுதேன். அப்புறம் பேனாவைத் தூக்கி எறிஞ்சேன். இந்த வெத்தலைவாயிக்கு இது எங்கேருந்து வருது? நான் அகராதி பாத்துப் பாத்து எழுதுனேன். சுகந்திக்கு நெலாவைக் காட்டுனேன், அலையைக் காட்டுனேன், ஒரு மனுஷன் அழலையே.

ஒரு தப்பை விட்டுடலாமான்னும் தோணுச்சு. ஒரே ஒரு தப்பு. பெரிய எடத்துல. யாரு கேக்கப் போறாங்க? ஆனா கை விடலைங்க. ஸ்கேலை எடுத்தேன், திரும்பக் கடைசி வரிக்குப் போனேன், ஒவ்வொரு வரியா ஏறுனேன். அந்தப் புத்தகத்துல ஒரு தப்பு கிடையாது. வேணும்னா தேடிப் பாத்துக்குங்க.

பதினாறு பக்கம் சேந்த தாளை நாங்க ஒரு ஃபாரம்னு சொல்லுவோம். முதல் ஃபாரத்தை எப்பவும் கடைசியிலதான் அடிப்போம். அதுலதான் தலைப்பு, பதிப்பகத்துப் பேரு எல்லாம் வரும். எங்களுக்கு அந்தப் பேருதான் இன்னும் கிடைக்கல. நான் 'வெண்முத்து'ன்னு சொன்னேன். மிஷின்காரரு குலசாமி பேரைச் சொன்னாரு. கஸ்தூரி, 'எம் பேரையே வெச்சுருங்களேன் சார்'னா, கூச்சமே இல்லாம. சார், 'பேரு தானா வரும்'னு சொல்லிட்டு ரெண்டாவது ஃபாரத்துலேருந்து அடிக்கச் சொல்லிட்டாரு. 'கடைசிப் பந்தி' கதை அதுலயே ஆரம்பிச்சு மூணாவதுல முடியும்.

எல்லா ஃபாரமும் அடிச்சு, மடிச்சு, கட்டிக்கூட வெச்சாச்சு. முதல் ஃபாரமும் அட்டையும்தான் பாக்கி. அப்ப ஐப்பசி மழை புடிச்சுக்குச்சு. 2005-ல பேஞ்ச மழையைப் பாத்தவங்களுக்குத் தெரியும். பிரஸ்ஸுல ஆஸ்பெஸ்டாஸ் ஒழுகுது, ரோட்டுத் தண்ணி வாசப்படி வரைக்கும் வந்துடுச்சு. நான் அன்னைக்கு லீவு, எங்க வீட்டுலயே முட்டிக்கால் தண்ணி. சார் டிராக்டர் வெச்சு ஃபாரம் கட்டுங்களை எல்லாம் மேட்டுல இருந்த உப்புக் கொட்டகைக்குக் கொண்டு போயிட்டாரு. உப்பளத்து ஆளுங்களை வெச்சு அவரே அடுக்கியிருக்காரு.

எப்படி அடுக்குனாரு? உப்பை அடுக்கற மாதிரி! வாருன உப்பை அவங்க மலையாட்டம் குவிப்பாங்க, அதுக்குப் பேருதான் அம்பாரம். மேல தென்னங்கீத்தைச் சரிவா வேஞ்சு, கயிறு போட்டு இறுக்கிட்டா எப்பேர்ப்பட்ட மழைக்கும் அசையாது. கீழ எதுவும் போட மாட்டாங்க. அடியில கொஞ்சம் கரைஞ்சாலும் ஓரத்தோட போகும், அவ்வளவுதான். உப்புக்காரங்களுக்கு எப்பவும் மேலதான் கண்ணு, வானத்தைப் பாத்துக்கிட்டே பொழைக்கறவங்க. கொட்டகைக் கூரையும் ஒழுகும்னு பயந்து சார் அதே மாதிரி கதைப் புத்தகத்தைத் தரையில குவிச்சு, கூம்பாக்கி, பனை ஓலையும் கீத்தும் போட்டு வேஞ்சுட்டாரு. மொதல்ல அடிச்ச ஃபாரம் அடியில. எத்தனையோ வருஷம் உப்பு ஊறுன தரை அது. மழைக் காத்துல உப்பு தண்ணியை இழுக்கும்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும், வீட்டுல உப்பு ஜாடியைப் பாத்தாலே போதும். அந்த உப்பிலேயே பொறந்து வளந்த இத்தனை பேருக்கு அன்னைக்கு அது தோணல.

மழை விட்ட காலையில நாங்க எல்லாரும் போனோம். சார் பெருமையாக் கயித்தை அவுத்தாரு. கீத்தை எடுத்தா மேல இருந்த கட்டெல்லாம் அப்பளம் மாதிரி காஞ்சு இருக்குது. ஆளுங்க கை தட்டுனாங்க. 'பாத்தியாம்மா லூர்து, ஒரு சொட்டு எறங்கல'ன்னாரு சார். ஒவ்வொரு கட்டா எடுத்துக் குடுக்க, நாங்க வாங்கி வெச்சோம். அடிக்கு வந்ததும் ஓசை மாறிடுச்சு. கட்டு கையோட வரல. பிஞ்சு வந்துச்சு. ரெண்டாவது ஃபாரம், மூணாவது ஃபாரம் மொத்தமும் தரையில இருந்து தண்ணியைக் குடிச்சு இட்டிலி மாதிரி உப்பிப் போயிருந்துச்சு.

எனக்கு அடக்க முடியல. அவ புத்தகம்தான், எனக்கு இன்னா போச்சு? ஆனா அதுல ஒவ்வொரு எழுத்தும் நான் பாத்தது. என் கண்ணு அது.

'சார், இது இன்னா உப்பா? அம்பாரம் போட்டு மூடி வெச்சிருக்கீங்களே! பேசாம பதிப்பகத்துக்கும் அதே பேரை வெச்சுருங்க. அம்பாரம் பதிப்பகம்! கதையை அச்சடிச்சு, குவிச்சு, கீத்து போட்டு மூடி, யாரு கண்ணுலயும் படாம காப்பாத்திக்கிட்டே இருக்கலாம். என் கதையை டிராயர்ல மூடுனீங்க, அவ கதையைக் கொட்டகையில மூடுனீங்க!'

சார் என்னையே பாத்தாரு.

'இன்னொரு தடவை சொல்லுங்கம்மா'ன்னாரு.

'சொல்லுங்க'ன்னு வந்துட்டா கோவம் ஏறிடுச்சுன்னு எங்களுக்கெல்லாம் தெரியும். வேலை போச்சுடா சாமின்னு நினைச்சேன். ஆனாலும் சொன்னேன், அம்பாரம் பதிப்பகம்னு, பல்லைக் கடிச்சுக்கிட்டு. சாரு ஒரு காஞ்ச கட்டுலேருந்து அதைச் சுத்தியிருந்த காகிதப் பட்டியை உருவி, சட்டைப் பை பேனாவை எடுத்து அதுல எழுதிப் பாத்தாரு. திரும்பவும் எழுதிப் பாத்தாரு. 'நல்லா இருக்குதேம்மா'ன்னாரு. 'நல்லா இருக்குதே லூர்து! உன் வாயில இருந்தா வந்துச்சு இது?'

அந்த நேரம் எனக்குக் கிடைச்சிருக்க வேண்டிய நேரம். எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்துக்கிட்டு இருக்காங்க. அதைக்கூட ஒருத்தி விடல. கஸ்தூரி நனைஞ்ச தாள்ல ஒரு துண்டைக் கிள்ளி, நாக்குல வெச்சுப் பாத்தா. 'லூர்துக்கா, எங் கதை கரிக்குதுக்கா!'ன்னு சொல்லி விழுந்து விழுந்து சிரிச்சா. கண்ணுல தண்ணியோட சிரிச்சா. சாரும் சிரிச்சாரு, ஆளுங்களும் சிரிச்சாங்க. நான் கத்துன கத்தலையெல்லாம் அந்த ஒரு வார்த்தை தின்னுட்டுப் போயிடுச்சு. அவ புத்தகம் நாசமாப் போயி கெடக்கறப்பவும் நான் அவளைப் பாத்துப் பொறாமைதான் பட்டேன். இப்படிச் சொல்ல எனக்கு ஏன் வரலைன்னு.

மறுநாள் சார் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. பேப்பர் ஒரே ஒரு லாட்டுதான் மிச்சம் இருந்துச்சு. அந்த வருஷம் உப்பு இல்லாததால வேற பேப்பர் வாங்க வழியும் இல்ல. டிராயரைத் திறந்து என் ஃபைலை எடுத்து மேசை மேல வெச்சாரு.

'லூர்து, நனைஞ்சது நனைஞ்சதாவே இருக்கட்டும். உன் புத்தகம் சின்னதுதான். இருக்கற பேப்பர்ல அதை மொதல்ல கொண்டாந்துடலாம். அவளோடதை அப்புறம் பாத்துக்கலாம். பேரும் உன்னோடது, முதல் புத்தகமும் உன்னோடதா இருக்கட்டும்.'

இத்தனை வருஷம் நான் கேட்டுக்கிட்டு இருந்தது அதுதான். ஃபைலு மேல கையை வெச்சேன். அப்புறம் கையை எடுத்துட்டேன்.

'வேணாம் சார்.'

'ஏம்மா?'

'அவளோடது நனைஞ்சதால எனக்குக் கிடைச்ச எடம் எனக்கு வேணாம். நாளைக்கு ஊரு இன்னா சொல்லும்? மழை பேயலைன்னா இவ புத்தகம் வந்துருக்காதுன்னு சொல்லும். அந்த ரெண்டு ஃபாரத்தையும் திரும்ப அடிங்க.'

நல்ல மனசுன்னு நினைச்சுடாதீங்க. மழைகிட்ட பிச்சை வாங்கி அவளைத் தாண்டுறதுக்கு எனக்கு மானம் எடம் குடுக்கல, அவ்வளவுதான். அவ முழுசா நிக்கணும். முழுசா நிக்கறவளுக்குப் பக்கத்துல என் புத்தகம் வந்து நிக்கணும், அவளை விட ஒசரமா. சார் ஃபைலைத் திரும்ப டிராயர்ல வெச்சாரு. 'சரிங்க'ன்னாரு. அந்த 'ங்க' கோவத்துல வந்ததா மரியாதையில வந்ததான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

தை மாசம் 2006-ல மரக்காணத்துல ஒரு கல்யாண மண்டபத்துல வெளியீட்டு விழா. பாண்டிச்சேரியில இருந்து, திண்டிவனத்துல இருந்தெல்லாம் படிச்சவங்க வந்தாங்க. கஸ்தூரி பச்சைப் புடவை கட்டிக்கிட்டு மைக்கைப் புடிச்சா, விடல. 'நாங்க உப்பை அம்பாரம் அம்பாரமாக் குவிச்சவங்க. நாங்க பட்ட பாட்டை நினைச்சுத்தான் எங்க சாரு இந்தப் பேரை வெச்சாரு'ன்னா. கைதட்டல் மண்டபத்தைத் தூக்கிடுச்சு. அடியே, நீ அங்கதானேடி நின்ன! பொய் சொல்லணும்னு சொல்லல அவ. அவளுக்கு அந்த நேரத்துல அப்படித்தான் வாயில வந்துச்சு, அழகா வந்துச்சு. அழகா வந்துட்டா அது நெசமாயிடுது. சாரு மேடையில இருந்து என்னைப் பாத்தாரு. எழுந்து சொல்லுவாருன்னு நினைச்சேன். கைதட்டல் அடங்கறதுக்குள்ள அடுத்தவரு பேச வந்துட்டாரு. பத்திரிகைக்காரங்க எழுதிக்கிட்டாங்க, கேட்லாக்ல ஏறிடுச்சு.

அந்த வருஷம் ஆடி மாசம் என் புத்தகமும் வந்துச்சு. 'சுகந்தியின் ஜன்னல்'. அம்பாரத்தோட மூணாவது புத்தகம். புரூஃபை வெளியில குடுக்கலாம்னு சார் சொன்னாரு. 'எழுதுனவங்களே பாக்கக் கூடாதும்மா. எழுதுனது மனசுல இருக்கும், தாள்ல இருக்கறது கண்ணுக்குத் தெரியாது'ன்னாரு. என் புத்தகத்துல அடுத்தவங்க கை படக் கூடாதுன்னு நான் ஒரே புடியா நின்னேன். ஸ்கேலை வெச்சுக் கீழேருந்து மேல நானே ஏறுனேன்.

புத்தகம் வந்த வாரத்துல கஸ்தூரி பிரஸ்ஸுக்கு வந்தா. அதுக்குள்ள வரப்பெல்லாம் கட்டி பாத்தி வேலை தொடங்கிடுச்சு, அவ திரும்பப் பலகையைப் புடிச்சுட்டா. காலெல்லாம் வெள்ளையா நேரா பாத்தியில இருந்து வந்துருந்தா. பிளாஸ்டிக் கவர்ல சுத்தி என் புத்தகம் அவ கையில. பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கோடு.

'கோச்சுக்காதக்கா. இத்தப் பாரேன். இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. அப்புறம் இங்க பாரு, சுகந்தியோட அம்மா பேரு முன்னாடி கமலான்னு இருக்குது. ஆஸ்பத்திரிக்குப் போனதுல இருந்து விமலான்னு வருது.'

நான் வாங்கிப் பாத்தேன். ஆமா. நானே எழுதி, நானே அடிச்சு, நானே பாத்தது. கிண்டல் பண்ணுவா, பிரஸ்ஸே சிரிக்கற மாதிரி ஏதாவது சொல்லுவான்னு மூஞ்சியைக் கல்லாக்கிக்கிட்டு நின்னேன். அவ சிரிக்கல, கவரை மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டா.

'தப்பு கெடக்கட்டும். கதை எப்படிடி இருக்குது?'

கஸ்தூரி தன் காலைப் பாத்தா. வாயில வெத்தலைகூட இல்ல அன்னைக்கு.

'நல்லா இருக்குதுக்கா'ன்னா, சட்டுன்னு. அப்புறம், 'அடுத்த பதிப்புல திருத்திக்கலாம்க்கா'ன்னா.

'கடைசிப் பந்தி' எத்தனையோ பதிப்பு வந்துடுச்சு. ஒவ்வொரு தடவையும் புரூஃப் என்கிட்டதான் வரும், ரிட்டையர் ஆனப்புறமும் வீடு தேடி வருது. நானும் ஸ்கேலை எடுத்துக்கிட்டு உக்காந்துடறேன். சுகந்தியோட அம்மா இன்னமும் பாதி வரைக்கும் கமலா, அப்புறம் விமலா.